ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! அப்புறம்தான் இருக்கு வேலை!

திங்கட்கிழமை காலை 6½ மணி. வாலாஜாபாத்தில் கூட்டம் அலைமோதுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கின்றன.

அதே நேரம், அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணி. சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு அம்மாள் செல்போனைக் கையில் எடுக்கிறார். ஏலம் கேட்கிறார்!

ஏலத்தில் இருக்கும் பொருள் என்ன? காஞ்சிபுரம் பட்டுச் சேலை!

இங்கே பஸ்ஸுக்காக நிற்கும் வாலிபர் கையிலும் ஒரு செல்போன். 140 டாலர்... 160... 185... மூணு தரம்! ஏலம் முடிந்தது. சுமார் 16 ஆயிரம் ரூபாய்!

உடனே வீட்டுக்குப் போன் போடுகிறார்.

"அப்பா! சேலை போயிடுச்சு!"

மறுமுனையில் தந்தை பதறுகிறார். "போயிடுச்சா? இன்னும் பீரோவுலதானேடா இருக்கு!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தந்தை சொன்னதில் இருக்கும் உண்மை கற்பனை அல்ல. ஏலம் முடிந்தால் பொருள் போய்விடாது. பணமும் வந்துவிடாது. நடுவில் கடல் இருக்கிறது. தபால் இருக்கிறது. சுங்கம் இருக்கிறது. வங்கி இருக்கிறது. எத்தனும் இருக்கிறான்!

வாலாஜாபாத்தை அடுத்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் தறி இருக்கிறது. பீரோவில் சரக்கு இருக்கிறது. கையில் செல்போன் இருக்கிறது. கடல் கடந்து விற்றால் என்ன என்று தோன்றுவது இயற்கை.

விற்கலாம். தாராளமாக விற்கலாம். ஆனால் விற்கத் தெரிந்து விற்க வேண்டும்!

உடைந்த பொருளுக்கு 14 டாலர்!

கம்ப்யூட்டர் ஏலத்தின் முதல் கதையே சுவாரசியமானது.

1995-ம் ஆண்டு. அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் ஒரு ஏலக் கடையைத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு 'ஈபே' என்று உலகப் புகழ் பெற்றது. அதில் முதன்முதலில் விலை போனது என்ன தெரியுமா? ஒரு லேசர் விளக்கு. அதுவும் எரியாத விளக்கு! 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது.

ஒமிடியாருக்கே ஆச்சரியம். "இது உடைந்த விளக்கு, தெரியும்தானே?" என்று வாங்கியவரிடம் கேட்டார். அவர் கனடாக்காரர். "தெரியும். உடைந்த லேசர் விளக்குகளைத்தான் நான் சேர்க்கிறேன்" என்று பதில் வந்ததாம்!

சிரிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலின் முதல் பாடம் இதுதான். உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் உண்டு. உடைந்ததை நல்லது என்று விற்றால் பார்சல் திரும்பி வரும். பணம் திரும்பிப் போகும்.

நம் நாட்டில் 2000-ம் ஆண்டில் 'பாஸி' என்ற ஏல நிறுவனம் தொடங்கியது. 2004-ல் அதை ஈபே சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியருக்கு இந்தியர் விற்கும் அந்தக் கடை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்கு விற்கும் வழி மூடப்படவில்லை. அது இன்றும் நடக்கிறது.

நேற்றைய கம்பெனி, இன்றைய அம்மாள்

வெளிநாட்டு வியாபாரி இந்த மண்ணுக்குப் புதியவர் அல்ல. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். அந்த நவாப்தான் 1763-ல் செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் துணி எடுத்தது எப்படி? முன்பணம் கொடுப்பான். மாதிரித் துணி ஒன்றை வைத்திருப்பான். நெய்து வந்த துணியை அதோடு ஒப்பிடுவான். தரம் குறைந்தால் விலையை வெட்டுவான். இல்லையேல் வேண்டாம் என்று தள்ளிவிடுவான். நஷ்டம் நெசவாளிக்கு!

இன்றைக்கு மாதிரித் துணிக்குப் பதில் போட்டோ. கம்பெனிக்காரனுக்குப் பதில் நியூயார்க் அம்மாள். போட்டோவில் இருப்பதும் பார்சலில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுபடிதான்!

ஆகவே விளம்பரத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

சேலையின் நீளம், அகலம். மீட்டரிலும் எழுத வேண்டும், அங்குலத்திலும் எழுத வேண்டும். ரவிக்கைத் துணி உண்டா, இல்லையா? கட்டியதா, கட்டாததா? கறை, கிழிசல் இருந்தால் அதைத் தனிப் படமாகவே போட வேண்டும். அமெரிக்காவில் பழைய பட்டுச் சேலை வாங்குகிறவர்கள் எல்லாரும் கட்டிக்கொள்ள வாங்குவதில்லை. திரைச்சீலை தைக்க வாங்குவார்கள். மெத்தை விரிப்பு தைக்க வாங்குவார்கள். ஓரத்தில் உள்ள சிறு கறை அவர்களுக்குப் பெரிதல்ல. சொல்லாமல் மறைத்ததுதான் பெரிது!

ஜரிகை விஷயத்தில் ஜாக்கிரதை. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. அது இல்லாததை அசல் என்று எழுதக் கூடாது. 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயருக்கே 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கண்ட பட்டுக்கு அந்தப் பெயரை வைத்து விற்பது சட்டப்படி தப்பு. மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' சீட்டு இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடலாம். ஆயிரம் வார்த்தை எழுதுவதைவிட அந்தச் சீட்டு பேசும்.

500 ரூபாயில் ஒரு எண்

"ஒரு சேலைதானே சார்! இதுக்கெல்லாம் லைசென்ஸா?"

பலர் கேட்கும் கேள்வி. சொந்தக்காரருக்கு அன்பளிப்பாக அனுப்புவது வேறு. விலைக்கு விற்று அனுப்புவது வேறு. விற்றால் அது ஏற்றுமதி!

ஏற்றுமதி செய்கிறவருக்கு 'ஐ.இ.சி.' என்ற எண் வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் கொடுக்கிறது. கட்டணம் 500 ரூபாய். பான் கார்டு, வங்கிக் கணக்கு இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே விண்ணப்பிக்கலாம். யாருக்கும் ஆயிரக்கணக்கில் அழ வேண்டியது இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. மறந்தால் எண் முடங்கிவிடும். ஜி.எஸ்.டி. விஷயத்தை ஒரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பார்சலை எங்கே கொடுப்பது? சிறு வியாபாரிகளுக்காகவே தபால் துறை 2022-ல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சுங்கப் படிவத்தைத் தபால் மூலமே கம்ப்யூட்டரில் தாக்கல் செய்யலாம். துறைமுகத்துக்கு அலைய வேண்டாம். பக்கத்து மையம் எது என்று காஞ்சிபுரம் தலைமைத் தபால் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அனுப்புநர் முகவரியிலும் கவனம் தேவை. வாலாஜாபாத் வேறு, வாலாஜாபேட்டை வேறு! நமக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரருக்குத் தெரியுமா? பின்கோடு 631605 என்று தெளிவாக எழுதாவிட்டால், திரும்பி வரும் பார்சல் ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்!

"கிப்ட்னு போடுங்க!"

நம் வாலிபரின் கதைக்கு வருவோம். ஏலம் எடுத்த அம்மாளிடம் இருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"பார்சல் மேல் அன்பளிப்பு என்று எழுதுங்கள். மதிப்பு 20 டாலர் என்று போடுங்கள். எனக்கு வரி மிச்சம்."

வாலிபர் யோசிக்கிறார். வாடிக்கையாளர் கேட்கிறாரே! மறுத்தால் கோபித்துக்கொள்வாரோ? ஒரு வரி எழுதுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் நமக்குத்தான்!

முதலாவது, பொய் மதிப்பு எழுதுவது சுங்கச் சட்டப்படி குற்றம். கையெழுத்துப் போடுவது அந்த அம்மாள் அல்ல, வாலாஜாபாத்துக்காரர். பிடிபட்டால் சரக்கு பறிமுதல் ஆகலாம். அபராதமும் விழலாம்.

இரண்டாவது, பார்சல் வழியில் தொலைந்தால்? 20 டாலர் என்று எழுதிவிட்டு, "ஐயா, அது 185 டாலர் சேலை" என்று நஷ்டஈடு கேட்க முடியுமா? எழுதியதுதான் கணக்கு.

மூன்றாவது, வங்கிக்கு வருவது 185 டாலர். சுங்கத்தில் எழுதியது 20 டாலர். இரண்டும் ஒட்டாது. கேள்வி வரும்.

மரியாதையாக மறுத்துவிடலாம். "எங்கள் நாட்டுச் சட்டப்படி உண்மை விலையைத்தான் எழுத முடியும். மன்னிக்கவும்" என்று இரண்டு வரி போதும். நல்ல வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். புரியாதவர் போனால் போகட்டும்!

பாதி விலையை விழுங்கிய வரி

வெளிநாட்டு வரியை அலட்சியம் செய்தவர்களுக்கு 2025-ம் ஆண்டு ஒரு பாடம் சொன்னது.

அதுவரை அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான சிறு பார்சலுக்கு இறக்குமதி வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29-ந் தேதி அந்தச் சலுகை போய்விட்டது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாததால் இந்தியத் தபால் துறை ஆகஸ்ட் 25-ந் தேதியில் இருந்தே அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை நிறுத்திவிட்டது. அக்டோபர் 15-ந் தேதிதான் சேவை திரும்பத் தொடங்கியது. ஒன்றரை மாதத்துக்கு மேல் முடக்கம்!

திரும்பத் தொடங்கியபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. அமெரிக்க வரியை அனுப்புகிறவரே இங்கே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அப்போதைய விகிதம் எவ்வளவு தெரியுமா? அறிவித்த மதிப்பில் 50 சதவீதம்!

அந்தக் கணக்கில் 185 டாலர் சேலைக்கு வரி மட்டும் 92½ டாலர். தபால் செலவு தனி. வரியை யோசிக்காமல் ஏலம் விட்டவருக்கு மிஞ்சுவது என்ன? நெய்தவர் கூலிகூடத் தேறாது!

வரி விகிதம் இன்று ஒன்று, நாளை ஒன்று. ஆகவே ஏலம் விடும் முன்பே தபால் அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்க வேண்டும். தபால் செலவு எவ்வளவு, வரி யார் பொறுப்பு என்று விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு "இன்னும் கொஞ்சம் கொடுங்க" என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் கோபம் வரும்.

மற்ற நாடுகளிலும் இதே போக்குதான். ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான சிறு பார்சலுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஐரோப்பிய யூனியனில் 2021 ஜூலை முதல், சிறு பார்சலுக்கு இருந்த 22 யூரோ விலக்கும் போய்விட்டது. நம் சொந்தக்காரர்கள் நிறைந்த சிங்கப்பூரில் 2023 முதலும், மலேசியாவில் 2024 முதலும் சிறு பார்சலுக்கு வரி வந்துவிட்டது. பெரிய ஏல நிறுவனங்கள் பல இடங்களில் இந்த வரியைத் தாங்களே வசூலித்துவிடும். அப்போது அவர்கள் கொடுக்கும் வரி எண்ணைப் பார்சல் படிவத்தில் ஏற்ற வேண்டும். மறந்தால் வாங்குகிறவர் இரண்டாம் தடவையும் வரி கட்ட நேரிடும். திட்டு விற்றவருக்கு!

பணம் வந்தது... நின்றதா?

"பணம் வந்துடுச்சு" என்று வாங்குகிறவர் சொல்வது போதாது. வந்ததாக ஒரு ஈமெயில் வருவதும் போதாது. போலி ஈமெயில் அனுப்புவது எத்தர்களுக்குப் பழக்கமான வேலை. கணக்கைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொரு மோசடி உண்டு. 185 டாலர் பொருளுக்கு 685 டாலர் செக் வரும். "தவறி அதிகமாக அனுப்பிவிட்டேன். மிச்சம் 500 டாலரை என் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கடிதம் வரும். பாவம் என்று அனுப்பினால் தீர்ந்தது. சில நாட்களில் செக் போலி என்று திரும்பும். சேலையும் அம்போ! 500 டாலரும் அம்போ!

உண்மையான பணமும் கைக்கு வந்த உடனே சொந்தமாகிவிடாது. பேபால் போன்ற நிறுவனத்தில், பணம் கட்டிய நாளில் இருந்து 180 நாள் வரை வாங்கியவர் புகார் கொடுக்கலாம். "பொருள் வரவில்லை", "சொன்னபடி இல்லை" — இந்த இரண்டுதான் முக்கியமான புகார். அப்போது விற்றவருக்குக் கை கொடுப்பது ரசீது ஒன்றுதான்.

எனவே, பணம் கட்டிய கணக்கில் உள்ள முகவரிக்குத்தான் பார்சல் போக வேண்டும். "என் தம்பி வீட்டுக்கு அனுப்புங்க" என்று வேறு முகவரி கொடுத்தால் மறுக்க வேண்டும். வழித்தட எண் உள்ள சேவையில்தான் அனுப்ப வேண்டும். 750 டாலருக்கு மேற்பட்ட பொருள் என்றால் வாங்கியவர் கையெழுத்துப் போட்டுப் பெற்றதற்குச் சாட்சியும் வேண்டும். பார்சல் கட்டும்போது செல்போனில் படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். தபால் ரசீதை ஆறு மாதத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டும். பஸ் டிக்கெட் மாதிரி கசக்கிப் போட்டால் கதை கந்தல்!

பணம் முறையான வழியில் வங்கிக்கு வர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் நண்பர் கணக்கில் போடச் சொல்லி, இங்கே ரொக்கமாக வாங்கிக்கொள்வது கூடவே கூடாது. அதற்குப் பெயர் ஹவாலா!

பாட்டி காலத்துப் பொருளா? நிறுத்து!

சேலை விற்ற ருசியில் அடுத்து பரண் மேல் கண் போகும். பாட்டி காலத்துக் குத்துவிளக்கு. தாத்தா வைத்திருந்த வெள்ளிக் காசு. ஓலைச்சுவடி. வெளிநாட்டுக்காரர்கள் விலையை அள்ளிக் கொடுப்பார்களே!

இங்கேதான் சிறைக்கதவு திறந்திருக்கிறது!

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, காசு, கலைப்பொருள் எதையும் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முக்கியத்துவம் வாய்ந்த சுவடி என்றால் 75 ஆண்டே போதும். மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. பழசு போலத் தெரியும் புதுப் பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பலாம்.

"பரணில் கிடந்ததை வித்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்கக் கூடாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை ஆஸ்திரேலிய அரசு அருங்காட்சியகத்துக்கே விற்கப்பட்டது. 2014-ல் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. சிலைக் கடத்தல் வழக்கில் சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட்டு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அது பெரிய மீன். ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மயில் தோகை, தந்தம் இவற்றையும் தொடக் கூடாது. சந்தனக் கட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு.

பேசத் தெரிய வேண்டும்

வெளிநாட்டு வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேச முடியாதவர். எழுத்தில்தான் நம்மைப் பார்க்கிறார்.

கேள்வி வந்தால் ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும். நம் ஆபீஸ் இங்கிலீஷ் அங்கே புரியாது. "டூ த நீட்புல்" என்று எழுதினால் அமெரிக்கர் முழிப்பார். 'லட்சம்' என்றாலும் முழிப்பார். தேதியில் இன்னும் பெரிய குழப்பம். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் மே 6! மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

பார்சல் தாமதம் என்று தெரிந்தால் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கோபமாக எழுதினாலும் பதிலுக்குப் பதில் கூடாது. ஈபேயில் வாங்குகிறவர் விற்றவருக்குக் கெட்ட பெயர் எழுதலாம். விற்றவர் பதிலுக்கு வாங்கியவருக்குக் கெட்ட பெயர் எழுத முடியாது. 2008-ல் இருந்தே அப்படித்தான் விதி.

ஏலம் முடியும் நேரமும் முக்கியம். ஏழு நாள் ஏலத்தை நாம் எந்த மணிக்குத் தொடங்குகிறோமோ அந்த மணிக்குத்தான் முடியும். நம் மதியம் 12 மணிக்குத் தொடங்கினால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டி முடியும். ஏலம் கேட்க யார் விழித்திருப்பார்கள்? திங்கள் காலை, கம்பெனி பஸ் வரும் நேரம்தான் நமக்கு ராசியான நேரம்!

மூணாவது தரம் எப்போது?

நம் வாலிபர் என்ன செய்தார்? கதையை நல்லபடியாகவே முடிப்போம்.

அந்த அம்மாளுக்கு மரியாதையாக மறுத்து எழுதினார். உண்மை விலையைப் போட்டார். வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தந்தை சேலையை மடித்துக் கொடுத்தார். மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள்.

தபால் அலுவலகத்தில் கேட்டார்கள். "தம்பி, உள்ளே என்ன?"

"பட்டுச் சேலை சார். வித்தது. 185 டாலர்."

பொய் இல்லாததால் குரலில் நடுக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் தந்தை மறுபடியும் கேட்டார். "இப்பவாவது போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா. ஆனா இன்னும் வித்து முடியல."

ஆமாம்! ஏலம் முடிந்தால் ஒரு தரம். பார்சல் போய்ச் சேர்ந்தால் ரெண்டு தரம். பணம் வந்து, புகார் இல்லாமல் வங்கியில் நின்றால்தான் மூணு தரம்!

இருபது நாள் தறியில் உட்கார்ந்தவர் வீட்டில், அந்த மூணாவது தரத்துக்குப் பிறகு சந்தோஷப்பட்டால் போதும்.